கல் என்று எழுதிக் கொடுத்த ஜல்லி

“ஏனுங் தம்பி, ஜல்லி இத்தன அழுக்கா இருக்குதுங்களே?”

என் முதலாளி இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டு மாடி அறையில், எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பலகையின் மேல் நான் செய்து வைத்திருந்த ரயில் பாதை. பொம்மை ரயில் என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஆனால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், என் மனைவி உட்பட. நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஓர் எஞ்சின், நான்கு பெட்டி, வளைந்து வரும் தண்டவாளம், அதற்கு அடியில் நான் இரண்டு வருடம் அலைந்து தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஜல்லி. அந்த ஜல்லியைத்தான் அவர் அழுக்கு என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நறுக்கென்று ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். “ஆமாங்க” என்றுதான் வந்தது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இது ஒரு பெரிய தொல்லை. எவ்வளவு ஆத்திரத்தோடு ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவுடன் சொன்னது பாதி செத்துப்போகும். ‘உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா’ என்று கேட்டுப் பாருங்கள், நலம் விசாரிப்பது போலவே இருக்கும். கேட்பவருக்கு வசதி. சொல்பவனுக்குத்தான் வயிறு எரியும். வெளியூரிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள், “உங்க ஊர்க்காரங்க எவ்வளவு மரியாதைண்ணே” என்று என்னிடம் ஆச்சரியப்படுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

அந்த முதலாளிக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியும், அதற்குச் சாயம் போட்டுத் தர ஒரு டையிங்கும் இருந்தன. டையிங்கில் லேப் என் பொறுப்பு. வெளிநாட்டுக்காரன் ஒரு துணித் துண்டை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். நான் சின்னச் சின்னத் துண்டுகளில் சாயம் போட்டு, லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, கடை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, ஷேடு சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். தவறான ஷேடுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. எனக்கு இருந்த ஒரே திமிர் அதுதான்.

ரயில் எனக்கு வந்ததும் அந்த வேலையால்தான். வருடா வருடம் ஷேடு பார்க்க வரும் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், கண்பார்வை மங்கி வேலையை விடும்போது, தன் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த ரயிலையும் தண்டவாளத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஜல்லியை மட்டும் நீயே தேடிக்கொள், உன் ஊர் ஜல்லி உன் ஊரில்தான் கிடைக்கும் என்றார்.

தேடினேன். முதலில் ஆற்றுமணல். மணல் உருண்டையாக இருந்தது. உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, ஸ்லீப்பர் கட்டைக்கு நடுவே நிற்காமல் சரிந்துவிடும். பார்வைக்கும் கடற்கரையில் ரயில் விட்டதைப் போல இருந்தது. அடுத்து ரவையை வறுத்துச் சாயம் போட்டேன். நிறம் அருமையாகப் பிடித்தது, பத்தே நாளில் வண்டும் பிடித்தது. கொதிக்கவைத்து வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துப் போட்டால் பாதை முழுக்கக் கரி சிந்தியதைப் போல ஆனது. எள்ளைப் போட்டுப் பார்த்த அன்று எறும்பு வரிசை ரயிலை விட நீளமாக வந்தது. “திங்கற சாமானத்தையெல்லாம் தண்டவாளத்துல கொட்டறதுக்கு நான் கடைக்குப் போயிட்டு வரோணுமா?” என்று என் மனைவி கத்தினாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

கடைசியில் கிரஷருக்குப் போனேன். பாறையை உடைக்கிற இடத்தில் மெஷினுக்கு அடியில் விழும் தூளை ஒரு சாக்கில் அள்ளி வந்தேன். பொடியாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் முனை இருந்தது, உடைந்த முகம் இருந்தது. நிஜ ஜல்லியை எண்பத்தேழால் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அந்த அளவுக்குச் சலிக்கச் சல்லடை எங்கே கிடைக்கும்? திருப்பூரில் சல்லடைக்கா பஞ்சம். விளையாட்டு பனியனுக்குப் பின்னும் மெஷ் துணியில் எத்தனை அளவு ஓட்டை வேண்டுமோ அத்தனையும் கட்பீஸ் மூட்டையில் கிடந்தது. பெரிய ஓட்டைத் துணியில் சலித்துக் கீழே விழுந்ததை எடுத்தேன். அதையே சின்ன ஓட்டைத் துணியில் சலித்து மேலே நின்றதை எடுத்தேன். பிறகு காந்தத்தைத் தடவிப் பார்த்தேன். இரும்புத்தூள் ஒரு துணுக்கு இருந்தாலும் எஞ்சின் மோட்டார் அதை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிடும்.

நிறம்தான் உயிரை எடுத்தது. நிஜப் பாதையில் ஜல்லி போட்ட அன்றைக்குத்தான் சாம்பல் நிறமாக இருக்கும். நாலு மாதத்தில் பிரேக் தூளும் துருவும் சேர்ந்து பழுப்பாகும். ஸ்டேஷன் பக்கம் இன்னும் மோசம். பெட்டிகளின் கக்கூஸ் நேராகத் தண்டவாளத்தில் திறந்த காலம் அது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்று பார்ப்பேன். மூன்று கல்லைப் பொறுக்கி வந்து லைட் பாக்ஸில் வைத்தேன். பதினாலு தடவை சாயம் போட்டு அந்த ஷேடைப் பிடித்தேன். துணி தண்ணீரைச் சீக்கிரம் குடிப்பதற்காக டையிங்கில் ஊற்றும் வெட்டிங் ஆயிலில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து ஜல்லியின் மேல் தெளித்து, லேப் பிப்பெட்டால் வெள்ளைப் பசைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சாணாக ஒட்டினேன்.

அதைத்தான் அழுக்கு என்றார்.

அவர் என் வீட்டுக்கு வந்த காரணம் வேறு. பெரிய ஆர்டர் தரும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து டைரக்டர் அம்மா ஒருவர் வரப்போகிறார், அவர் வீட்டில் இதேபோல் ரயில் வைத்திருக்கிறார் என்று, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எப்படியோ தெரிந்துகொண்டு முதலாளியின் காதில் போட்டுவிட்டான். என்னிடமும் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டுவிட்டான். பலகையை அப்படியே கம்பெனியில் துணி காட்டும் சாம்பிள் ரூமுக்குக் கொண்டுவர வேண்டும், பத்து நாளில்.

“ரயிலு ஜோரா இருக்குதுங்க தம்பி. ஆனா ஜல்லிய மட்டும் மாத்திப் போடுங்க. வெளுப்பா, சுத்தமா. மீன் தொட்டில போடறாங்களே, அந்த மாதிரி. நம்ம ஊரு அழுக்குன்னு அந்தம்மா நினைச்சுரக் கூடாதுங்க பாருங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டு வருட வேலையை மீன் தொட்டி ஆக்கச் சொல்கிற மனிதனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. என் பலகை, என் வீடு, என் ஞாயிற்றுக்கிழமைகள். அவரோ சிரித்த முகமாக, தோளில் கைபோட்டு, வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுக் கேட்கிறார். சரிங்க என்றேன். அவர் படியிறங்கிப் போனபிறகு சுவரில் ஒரு குத்து விட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளிலிருந்து வெந்நீரைத் தெளித்துப் பசையை ஊறவைத்து, ஸ்பூனால் ஜல்லியைச் சுரண்டினேன். ஒவ்வொரு சுரண்டலுக்கும் அவரை ஒரு வார்த்தை வைதேன். ஆளில்லாத அறையில் ‘ங்க’ போடாமல் வைய நன்றாகவே வந்தது.

பாதி சுரண்டியிருக்கும்போதுதான் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். எங்கள் டையிங்குக்குப் பின்னால் ஒரு ஓடை போகும், அது இறங்குகிற இடத்தில் அவர் தோட்டம். தென்னையும் இரண்டு பால் மாடும் ஒரு கிணறும்தான் அவருடைய சொத்து. கையில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைப் போல இருந்தது.

“கெணத்துத் தண்ணிங்க மாப்பள. ரெண்டு மாடும் மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க.”

அந்தத் தண்ணீருக்குக் காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது தொட்டிக்கு அடியில் ஒரு சேறு தங்கும். ஸ்லட்ஜ் என்போம். அதைக் காயவைத்து மூட்டை கட்டிப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் முதலாளி மூட்டை கட்டியதோடு சரி. ஓடைக் கரையில் இருந்த தன் காலி நிலத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டார். வெயிலில் சாக்கு இற்றுப்போய், ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடைக்குள் இறங்கியது. அங்கிருந்து கிணற்றுக்கு எவ்வளவு தூரம். மச்சானும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் இரண்டு தடவை போய்க் கேட்டார்கள். முதலாளி உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பாத்துக்கலாமுங்க என்று அனுப்பினார். மூன்றாவது தடவையும் டீ வந்தது.

“வெள்ளக்காரம்மா வருதாமுங்களே” என்றார் மச்சான். “அவிய கேட்டா இவரு கேப்பாருங்க. நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க மாப்பள. மூட்டைய வேற எடத்துக்கு மாத்தோணும், அவ்வளவுதானுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க.”

பாட்டிலை வாங்கி லேப்புக்குக் கொண்டுபோனேன். உப்பு அளக்கும் மீட்டர் காட்டிய எண்ணை மச்சானிடம் சொல்லவில்லை. தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலை மேசை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதலாளி மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தண்டவாளத்துக்கு வெள்ளை ஜல்லி கேட்கிறான், சுத்தமாம் இவன் ஊர். ஓடைக்கரைக்கு நேராகப் போய், கிழிந்த ஒரு மூட்டையிலிருந்து ஸ்லட்ஜ் கட்டி ஒன்றை எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் அவன் முகத்தில் எறிய என்றுதான் சொல்லியிருப்பேன்.

கட்டியை லேப்பில் உடைத்தபோது என் கை நின்றுவிட்டது. உடைந்த ஒவ்வொரு துணுக்குக்கும் முனை இருந்தது. மெஷ் துணியில் சலித்தேன். நிஜ ஜல்லியை மந்திரம் போட்டுச் சுருக்கியதைப் போல விழுந்தது. காந்தம் வைத்தேன், எதுவும் ஒட்டவில்லை. இரண்டு வருடம் ஊரெல்லாம் தேடிய சாமான் எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறது. நிறத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே பழுப்பு. சாயம் போடக் கொட்டுகிற உப்பெல்லாம் காயக் காய மேலே பூத்து, வெளியே வெளுப்பு. முதலாளி கேட்ட அதே வெளுப்பு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரயில் வைத்திருப்பவர்கள் இன்னொருவரின் பலகையைப் பார்த்தால் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள், ஜல்லிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று. கேட்காத ஆளே கிடையாது. டைரக்டர் அம்மாவும் கேட்பார். நானாகப் போய்ப் புகார் சொன்னால் கோள்மூட்டி. அவரே கேட்டால் அது வெறும் பதில். அதுவும் ஆங்கிலத்தில் சொல்லப்போகிறேன். ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

கைக்கு உறை போட்டு, மூக்குக்குக் கர்ச்சீப் கட்டி, நான்கு நாள் உட்கார்ந்து ஸ்லட்ஜை உடைத்துச் சலித்துப் பரப்பினேன். வேலை அவ்வளவு அழகாக வந்தது என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் கெட்ட சாமான் தன் குணத்தைக் காட்டியது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் பித்தளைத் தண்டவாளத்தின் ஓரம் பச்சையாகப் பூத்திருக்கும், எஞ்சின் திணறும். தினமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நாலைந்து நாளில் உலோகத்தை அரிக்கிற இந்தச் சாமான் மச்சான் கிணற்றை எத்தனை வருடமாக அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

சாம்பிள் ரூமில் பலகையை வைத்தபிறகு முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “இப்பத்தானுங்க பளிச்சுன்னு இருக்குது” என்றார். அது என்ன சாமான் என்று அவர் கேட்கவே இல்லை. ஷேடு பிடித்தால் போதும் அவருக்கு.

நான் மூன்று ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். இது கல் அல்ல. இது எங்கள் சாயப்பட்டறையின் கழிவு. இதன் மூட்டைகள் ஒரு விவசாயியின் கிணற்றுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. பைக்கில் போகும்போது சொல்லிப் பார்த்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். மச்சானுக்குப் போன் செய்து, “வெள்ளிக்கிழமைங்க, சொல்லிடறேனுங்க” என்றேன்.

டைரக்டர் அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியாக, உயரமாக இருந்தார். துணிகளை அவசரமாகப் புரட்டியவர், ரயிலைப் பார்த்ததும் கையிலிருந்த நோட்டை மெர்ச்சண்டைசரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் சுவிட்சைப் போட்டேன். ரயில் புறப்பட்டது. அவர் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முழுச் சுற்றுப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் ஜல்லியைத் தொட்டார்.

கேட்டார். நான் நினைத்த அதே கேள்வியை, நான் நினைத்ததைவிட அன்பாகக் கேட்டார். இருபது வருடமாக இந்த ஷேடுக்குத் தவிக்கிறேன், இது என்ன சாமான் என்றார்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். மிரட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். அவர் பெருமையோடு பார்த்தார். “நம்ம லேப் தம்பிங்க, கெட்டிக்காரனுங்க” என்று தமிழ் தெரியாத அந்த அம்மாவிடம் தமிழில் சொன்னார். ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

“ஸ்டோன், மேடம்” என்றேன். “லோக்கல் ஸ்டோன்.”

‘ங்க’ இல்லாத மொழியில் ‘மேடம்’ இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் ஒரு சிட்டிகையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியதைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் எனக்குத் தர முடியுமா, ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அது இரண்டாவது சந்தர்ப்பம். ஒரே அறையில், ஐந்து நிமிடத்தில், இரண்டு சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்.

“அரைக் கிலோ பேக் பண்ணிக் கொண்டாங்க தம்பி” என்றார் முதலாளி.

லேப்புக்குப் போனேன். சலித்து மீந்ததை நிறுத்து, சாம்பிள் பனியன் அனுப்புகிற பாலிதீன் பையில் போட்டு ஒட்டினேன். எங்கள் கம்பெனியில் எந்தப் பையும் ஸ்டிக்கர் இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஸ்டிக்கரில் வாங்குகிற கம்பெனி, ஷேடு, சாமான் என்று கோடு போட்டிருக்கும். பருத்தியா, பாலியஸ்டரா, எத்தனை சதவீதம் என்று எழுதுகிற கோடு. அந்தக் கோட்டில் ‘ஸ்டோன் 100%’ என்று எழுதினேன். கீழே லேப் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கும். அதிலும் போட்டேன். என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் கையெழுத்து நடுங்காமல் விழுந்தது.

அன்று சாயந்திரம் மச்சான் போன் செய்தார்.

“சொல்லிட்டீங்களா மாப்பள?”

“சொல்லிட்டேனுங்க.”

“என்னன்னாங்க?”

“நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ஆள் அனுப்பறேன்னாங்க.”

 “நல்லா இருப்பீங்க மாப்பள” என்றார். போனை வைத்தபிறகு நான் செய்ததற்குப் பெயர் பயம் என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியை வைய வந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கே பொருந்தின. அவராவது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பலகையைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது சாம்பிள் ரூமிலேயே கிடந்தது. அடுத்த மழைக்காலத்தில் தண்டவாளம் முழுக்கப் பச்சை பிடித்து ரயில் நின்றுவிட்டது என்றார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆர்டர் வந்தது. மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு மாதம் கழித்து என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

“நெசமாலுமே அந்தம்மாகிட்டச் சொன்னீங்களா?”

நான் லைட் பாக்ஸில் ஷேடு பார்ப்பவன். ஒரு முகத்தைப் பார்த்து உண்மை எது என்று சொல்ல அவளுக்கு எந்த விளக்கும் தேவைப்படவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கார் வர்றதுக்குன்னு அண்ணன் தடத்துல இருந்த முள்ளையெல்லாம் வெட்டி வழி பண்ணி வச்சிருக்குது” என்றாள். “கெணத்துமேட்டுல நாலு சேரு வாங்கிப் போட்டிருக்குது. எந்த வண்டி சத்தம் கேட்டாலும் அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய வந்து நிக்குது.”